மருந்துச் சீட்டுக்குப் பின்னால் கம்பெனியின் கை

மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் டாக்டர். காசு கொடுப்பவர் நோயாளி. அதனால்தான் மருந்து கம்பெனிகளின் விற்பனை முயற்சியில் பெரும்பகுதி டாக்டரின் மேஜையைச் சுற்றியே நடக்கிறது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களின் பட்டியலே வருகிறது: தங்கக் காசு, டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப், மாநாட்டுக் கட்டணம். ‘ஜின்கோவிட்’ என்ற சத்து மருந்துக்காக டாக்டர்களுக்குச் செய்த சுமார் 4.72 கோடி ரூபாய்ச் செலவுக்கு அந்த கம்பெனி வரிக்கழிவு கேட்டிருந்தது. டாக்டர்கள் வாங்கவே கூடாதென்று 2009இல் மருத்துவ கவுன்சில் தடை போட்ட ஒன்றைக் கொடுத்துவிட்டு வரிச்சலுகை கேட்க முடியாது என்றது நீதிமன்றம். அந்தச் செலவும் மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விடிகிறது என்பதையும் அது சொன்னது.

ஆனால் வரிச்சலுகையை மறுப்பது வேறு, கொடுப்பதைத் தடுப்பது வேறு. 2015 முதல் இருந்த மருந்து விற்பனை நெறிமுறை, கம்பெனிகள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் இருந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு அதைத் திருத்தி, டாக்டருக்கோ குடும்பத்தாருக்கோ பரிசு, பயணம், ஓட்டல் தங்கல் எதுவும் கூடாது என்றது. பயணத்துக்கும் தங்கலுக்கும் மாநாட்டில் பேச்சாளராக வருபவருக்கு மட்டும் விலக்கு. இலவச சாம்பிள் கம்பெனியின் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புகாரை விசாரிப்பது கம்பெனிகளின் சங்கமே அமைக்கும் குழு. அது தரக்கூடிய தண்டனை சங்கத்திலிருந்து நீக்குவது, கண்டிப்பது போன்றவைதான். 30 டாக்டர்களைப் பாரிசுக்கும் மொனாக்கோவுக்கும் அனுப்பிய ஒரு பன்னாட்டு கம்பெனிக்கு 2024 டிசம்பரில் இந்த நெறிமுறையின்படி கிடைத்தது ஒரு கண்டனம். சட்டத்தின் பலம் வேண்டுமென்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, டாக்டர்களைத் தினமும் சந்திக்கும் மெடிக்கல் ரெப்களின் கூட்டமைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும்.

‘ஒரு வேளைச் சாப்பாட்டுக்கா டாக்டர் விலைபோவார்?’ என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் சுமார் 2.8 லட்சம் டாக்டர்களின் விவரங்களை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், சராசரியாக 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாட்டை ஏற்றவர்கள்கூட அந்த கம்பெனியின் பிராண்டை மற்றவர்களைவிட அதிகம் எழுதியது தெரிந்தது. ஏற்கெனவே அந்த மருந்தை விரும்பியவர்களே அழைப்பை ஏற்றிருக்கலாம் என்ற சந்தேகத்தை இந்த ஆய்வு முழுதாகத் தீர்க்கவில்லை. ஆனால் சாப்பாட்டின் எண்ணிக்கை ஏற ஏற அந்த பிராண்டை எழுதுவதும் ஏறியதை ஒதுக்கிவிட முடியாது. இந்தக் கேள்வியை அங்கே ஆராய முடிந்ததே 2010இல் வந்த சட்டத்தால்தான். அதன்படி, எந்த டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை கம்பெனிகள் அரசிடம் சொல்ல வேண்டும். அரசு அதைப் பெயரோடு இணையத்தில் போடுகிறது. கம்பெனிப் பணம் நின்றால் மாநாடுகளும் பயிற்சிகளும் நின்றுவிடும் என்று டாக்டர்கள் தரப்பில் சொல்வார்கள். பயிற்சி வேண்டியதுதான். ஆனால் கம்பெனிகள் பணத்தைப் பொது நிதியில் போட்டு, யாரை அழைப்பது, என்ன பேசுவது என்பதை மருத்துவக் கல்லூரிகள் முடிவு செய்தால் பயிற்சி நிற்காது. அபராதம் விதிக்கும் சட்டமும், நோயாளி தன் டாக்டரின் பெயரைத் தட்டிப் பார்க்கக்கூடிய ஒரு பட்டியலும் இங்கேயும் வர வேண்டும்.