மிக்சரின் பின்பக்கம்

சந்தனக்கூடு விழாவின்போது பெரியபட்டினம் தர்காவைச் சுற்றி நிற்கிற கூட்டம் மேடையைப் பார்க்கும், ஊர்வலத்தைப் பார்க்கும். மைக்செட்காரரின் மேசையைப் பார்க்காது. பார்த்தாலும் கண்ணில் படுவது மிக்சரின் முன்பக்கம்தான்: வரிசையாகத் திருகுகள், ஏற்றி இறக்கும் பேடர்கள், எது யாருடைய மைக் என்று பேனாவால் எழுதி ஒட்டிய டேப். அவருடைய சாமர்த்தியத்தில் பாதி பின்பக்கத்தில் இருக்கிறது. எந்த ஊர் விழாவானாலும் அங்கிருந்து ஒரு ஜோடி ஒயர் ஆம்ப்ளிபையருக்குப் போய், தெருவோரக் குழாய்களுக்கும் பாக்ஸ்களுக்கும் பிரியும். இன்னொன்று பாடுகிறவர் முன்னால் சாய்த்து வைத்த மானிட்டருக்கு. மூன்றாவது வீடியோக்காரருக்கு. பாட்டு ஒன்றுதான், கலவை மூன்று. பாடுகிறவருக்குத் தன் குரல் எடுப்பாகக் கேட்க வேண்டும். தெருக்கோடியில் நிற்பவருக்குத் தாளம் தெளிவாக விழ வேண்டும். வீடியோவில் இரண்டும் அளவோடு இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டை ஓர் இசைக்கருவிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது மாடுலர் சிந்தசைசர். ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர், அதன் கூர்மையை மழுக்கும் ஃபில்டர், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஆம்ப்ளிபையர், எல்லாவற்றையும் கலக்கும் மிக்சர் என்று தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும் கருவி அது. எதை எதோடு இணைப்பது என்பதை ஒயரைக் கையில் வைத்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். 1964-இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து இதன் முதல் வடிவங்களைச் செய்தார். அவர் நிலைநாட்டிய முறை எளிமையானது: மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். இதில் ஒலியும் வோல்ட்தான், அந்த ஒலியை ஆட்டிவைக்கிற கட்டளையும் வோல்ட்தான். ஆகவே இங்கே மிக்சரிலிருந்து வெளியே வருவது ஸ்பீக்கருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. இன்னோர் ஆசிலேட்டரின் சுருதியை அசைக்கலாம், ஃபில்டரின் கதவைத் திறந்து மூடலாம்.

மூக் பயன்படுத்தியது, நம் கடைகளில் பி-38 என்று கேட்டு வாங்கும் அதே கால் அங்குலப் பின். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த சொத்து. ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் கொண்டுவந்த யூரோராக் வகையில் பின் சிறுத்து 3.5 மில்லிமீட்டர் ஆனது. இன்று உலகெங்கும் அதிகம் புழங்குவது இந்த வகைதான்.

மிக்சருக்குள் நடப்பது வெறும் கூட்டல். ஒவ்வோர் உள்ளீடும் ஒரு ரெசிஸ்டர் வழியாக வந்து ஒரே புள்ளியில் சேரும். அந்தப் புள்ளியை ஆப்-ஆம்ப் என்ற சிறு சில்லு எப்போதும் பூஜ்யம் வோல்ட்டிலேயே பிடித்து வைக்கிறது. அதனால் ஓர் உள்ளீட்டில் நடப்பது அடுத்ததற்குத் தெரியாது. கூட்டுத்தொகை தலைகீழாக வெளியே வரும்: மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும். அதை இன்னொரு சில்லு நிமிர்த்திக் கொடுக்கும்.

பல மிக்சர்களில் இந்தத் தலைகீழ் வடிவத்துக்கும் தனியாக ஒரு துளை வைத்திருப்பார்கள். மூக்கின் சி.பி.3 மிக்சரில் கூட்டல் குறியோடு ஒன்று, கழித்தல் குறியோடு ஒன்று என இரண்டு வெளியீடுகள். தனியாகக் கேட்டால் இரண்டுக்கும் காது வித்தியாசம் சொல்லாது. கட்டளையாக அனுப்பும்போதுதான் விளையாட்டு: நேர் வடிவம் ஒரு ஃபில்டரைத் திறக்கிற அதே கணத்தில் தலைகீழ் வடிவம் இன்னொன்றை மூடும். ஒரு குரல் துலங்கத் துலங்க மற்றது மங்கும், இரண்டும் ஒரே கலவையிலிருந்து கிளம்பியவை. இன்னொரு பயன் உண்டு. கலவையை ஃபில்டருக்குள் அனுப்பி, வெளியே வருவதோடு கலவையின் தலைகீழ் வடிவத்தைக் கூட்டினால், ஃபில்டர் எதை எடுத்துவிட்டதோ அதுதான் மிஞ்ச வேண்டும். கணக்குப்படி சுத்தமாக வராது. ஃபில்டர் அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்தி அனுப்புகிறது. அந்தப் பிசகில்தான் புதுச் சத்தம் பிறக்கிறது என்பதால் யாரும் வருத்தப்படுவதில்லை.

ஒரு வெளியீட்டை மூன்று இடங்களுக்குப் பிரித்தால் என்ன ஆகும்? ராமநாதபுரத்துக் கண்மாயில் ஒரு மடையைத் திறந்தால் அடுத்த மடைக்குப் போகும் தண்ணீர் குறையும். வோல்ட் அப்படிப் பங்கு பிரிவதில்லை, அதாவது அநேகமாகப் பிரிவதில்லை. யூரோராக்கில் வெளியீட்டின் தடை வழக்கமாக 1,000 ஓம், உள்ளீட்டின் தடை 1,00,000 ஓம். ஓர் இடத்துக்கு அனுப்பினால் இழப்பு ஏறக்குறைய 1 சதவீதம். ஒயரைப் பிரித்து மூன்று இடங்களுக்கு அனுப்பினால் 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. ஒலிக்கு இது ஒன்றுமே இல்லை. சுருதிக் கட்டளைக்கு இது பெரிய விஷயம். மூன்று வோல்ட்டில் இந்த இழப்பு சுமார் 87 மில்லிவோல்ட். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரித்த அரைச்சுரமோ 83 மில்லிவோல்ட்தான். ச என்று நினைத்து அனுப்பியது மேல்ஸ்தாயி ஏற ஏற நி-யை நோக்கி நழுவும். இதனால்தான் சுருதியைப் பிரிப்பதற்கு மட்டும், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சில்லு வைத்த தனிப் பெட்டி விற்கிறார்கள்.

சில மிக்சர்களின் வெளியீடுகளுக்கு இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பிரான்சின் எமிலி ஜில்லே வடிவமைத்த வெயில்ஸ் என்ற நான்கு வழிப் பெட்டியில், எதிலும் ஒயர் செருகாவிட்டால் ஒவ்வொரு வழியின் ஒலியும் அடுத்ததோடு சேர்ந்து கடைசி வெளியீட்டில் நான்கும் ஒன்றாக வரும். இரண்டாவதில் ஒயரைச் செருகினால் முதல் இரண்டும் அங்கே இறங்கிக்கொள்ளும். கடைசியில் மூன்றும் நான்கும் மட்டுமே. ஸ்விட்ச் எதுவும் கிடையாது. செருகுவதே தேர்வு.

கூட்டலுக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. யூரோராக்கின் மின்சாரம் மேலும் கீழும் 12 வோல்ட். அதில் ஓடும் சில்லு பத்தரை வோல்ட் பக்கம் வந்ததும் முட்டி நிற்கும். ஐந்து வோல்ட் உயரமுள்ள மூன்று அலைகள் ஒரே நேரத்தில் உச்சியைத் தொட்டால் 15 வோல்ட் வர வேண்டும். வராது, அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். புதிய சில்லுகளில் அது கரகரப்பு. சி.பி.3-இன் பழைய டிரான்சிஸ்டர்களில் அலை மெதுவாக வளையும். அந்தக் குறைக்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய மிக்சர்களில் ஆக்ஸ் என்று தனி வழி இருக்கும். ஒவ்வோர் ஒலியிலும் கொஞ்சம் எடுத்து எக்கோ கருவிக்கு அனுப்பி, திரும்பி வருவதைக் கலவையில் சேர்ப்பது அதன் வேலை. திரும்பி வந்ததை மறுபடி அதே ஆக்ஸில் ஏற்றினால்? சுற்று ஒருமுறை வரும்போது ஒலி கொஞ்சமாவது வளர்ந்தால் போதும், கருவி தானாகக் கத்த ஆரம்பிக்கும். மைக்கை ஸ்பீக்கர் முன்னால் நீட்டினால் ‘கூய்ங்’ என்று கேட்குமே, அதுவேதான். மைக்செட்காரருக்கு அது மானக்கேடு. ஜப்பானின் தோஷிமாரு நகமுராவுக்கு அதுவே பிழைப்பு: மிக்சரில் எந்த வாத்தியத்தையும் இணைக்காமல், வெளியீட்டை உள்ளீட்டில் செருகி, 1990-களின் இறுதியிலிருந்து அதையே வாசிக்கிறார். மின்சுற்றின் சொந்த இரைச்சல்தான் விதை.

அவருக்கு முன்னோடி ஒருவர் இந்தியாவுக்கு வந்து போயிருக்கிறார். 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், என்.ஐ.டி.யில், ஒரு மூக் மாடுலர் சிந்தசைசரை நிறுவி மின்னணு இசைக்கூடம் அமைத்துத் தந்தவர் அமெரிக்கரான டேவிட் டியூடர். பியானோ வாசிப்பில் புகழ்பெற்றிருந்த அவர் மெல்ல மின்சுற்றுகளின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. முந்தைய ஆண்டுதான், மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனத்துக்காகச் செய்த ‘ரெயின்ஃபாரஸ்ட்’ படைப்பில், ஒலியை ஸ்பீக்கருக்குப் பதிலாகப் பொருள்களுக்குள் செலுத்தி அவற்றையே ஒலிக்கவைத்திருந்தார். 1972-இல் ஆசிலேட்டரே இல்லாமல், வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் சுற்றுகளை மட்டும் வைத்து ஒரு படைப்பைத் தந்தார். அதற்குத் தலைப்பு வைக்கவில்லை. மிக்சரின் பின்பக்கத்தை அவர் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

அகமதாபாத்துக்கு வழி திறந்ததில் கீதா சாராபாய்க்குப் பங்குண்டு. 1946-இல் நியூயார்க்கில், டியூடரின் நெடுநாள் கூட்டாளியான இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் மேற்கத்திய இசை கற்று, அவருக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்தவர் அவர். என்.ஐ.டி.யின் அந்தக் கூடத்தில் அவரும், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் வேலை செய்தார்கள். சில ஆண்டுகளில் கூடம் அடங்கிப்போனது. ஒலிநாடாக்கள் அலமாரியில் கிடந்தன. பிரிட்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுத்து, 1969 முதல் 1972 வரையிலான பதிவுகளை 2023-இல் ‘தி என்.ஐ.டி. டேப்ஸ்’ தொகுப்பாக வெளிக்கொணர்ந்தார்.

மாடுலருக்கு நினைவாற்றல் கிடையாது. ஒயரைப் பிடுங்கினால் அந்த ஒலி போனதுதான். நாடாவில் தங்கியது டேப் மெஷினுக்குப் போன ஒரு வெளியீடு மட்டும். எது எதை ஆட்டிவைத்தது, எந்தக் கழித்தல் வெளியீடு எங்கே செருகப்பட்டிருந்தது என்பதைக் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டும். ஒரு குரல் ஏறும்போதெல்லாம் இன்னொன்று இறங்குகிறதா என்று பாருங்கள். அது ஒரு துப்பு.

கையில் ஒரு யூரோராக் வைத்திருந்து அதை மைக்செட் மிக்சரில் இணைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். அதன் ஐந்து வோல்ட் அலை, வீட்டு ஆடியோ கருவிகளின் அளவைவிடப் பதினொரு மடங்கு பெரியது. அளவைக் குறைத்துத் தரும் அவுட்புட் பெட்டி இருந்தால் அதன் வழியே கொடுங்கள். இல்லாவிட்டால் மைக் துளையில் செருகாமல் லைன் துளையில் செருகி, கெயினை முழுக்க இறக்கி வைத்துத் தொடங்குங்கள். கட்டளை வோல்ட்டை நேரடியாக ஆம்ப்ளிபையருக்கு அனுப்பவே வேண்டாம். நகராமல் நிற்கும் வோல்ட் ஸ்பீக்கரின் காயிலைச் சூடாக்கி எரித்துவிடக்கூடும்.