ஒலி அடங்கும் திசை

காடு உண்டு, வேட்டையும் உண்டு, ஆயினும் குருதி சிந்துவதில்லை. வானொலியைப் பிழைப்பாகக் கொள்ளாது விருப்பாகக் கொண்டோர் 'நரி வேட்டை' எனப் பெயரிட்டு ஆடும் விளையாட்டையே ஈண்டுக் குறிக்கின்றோம். சிறியதோர் ஒலிபரப்புக் கருவியைப் புதரில் மறைத்து வைப்பர். அதுவே நரி. வாங்கிக் கருவியைக் கையிலேந்தி அதனைத் தேடி ஓடுவோர் வேட்டைக்காரர். இதற்கான முதலாவது உலகப் போட்டி 1980 இல் போலந்து நாட்டில் நடைபெற்றது.

போட்டிகளில் ஐந்து நரிகள் ஆளுக்கொரு நிமிடம் முறைவைத்து மோர்ஸ் ஒலிக்குறியிற் கூவும். முதலிரண்டு எழுத்துக்கள் எல்லாவற்றுக்கும் பொது. பின்வரும் புள்ளிகளை எண்ணினால் எந்த நரி என்பது விளங்கும். மோர்ஸ் முறையிற் கோடு புள்ளியைப் போல் மும்மடங்கு நீளும். இலக்கணம் பயின்ற செவிக்குப் புள்ளி குறிலாகவும் கோடு அளபெடையாகவும் கேட்கும். நெடிலுக்கு அங்கே இடமில்லை!

ஒலி மிகும் பக்கமே நரி இருக்கும் பக்கம் என எண்ணத் தோன்றும். பழகியோர் அவ்வாறு கொள்ளார். கம்பி வளையத்தைச் சுழற்றுங்கால் ஒலி மிகும் நிலை அகன்று கிடக்கும். ஒலி அடங்கும் நிலையோ ஊசிமுனை போன்றது. வளையத்தின் தட்டையான முகம் நரியை நேர்நோக்கும்போது ஓசை ஒடுங்கிவிடும். பழைய மத்திய அலைப் பெட்டியை மேசைமீது திருப்பித் திருப்பி வைத்தவர்கள் இதனை அறியாமலே அறிந்தவர்கள். ஒரு நிலையிற் செய்தி வாசிப்பவர் குரல் மெலிந்து மறையுமன்றோ? முன்னும் பின்னும் ஒருபடித்தாகவே ஒடுங்குமாதலின், நிமிர்ந்த சிறு கம்பியொன்றைச் சேர்த்து நரி எப்பக்கத்தது எனத் தெளிவர். ஈரிடத்தில் நின்று இரு கோடுகள் வரைந்தால் அவை வெட்டுமிடமே நரியின் வளை.

தாளில் இஃது எளிது, மலையில் அன்று. தெஹியோவிட்டயிலிருந்து தெரணியகலைக்குச் செல்லும் வீதியில் நின்று, இறப்பர்ச் சரிவுகளிடையே தேடுவதாகக் கொள்வோம். இரண்டு மீற்றர் நீள அலை பாறைச் சரிவிற் பட்டுத் தெறிக்கும். கருவி காட்டிய திசையில் மூச்சிரைக்க ஏறினால் அங்கே கிடைப்பது எதிரொலியே. நரியோ விட்டுவந்த குன்றில் இருக்கும். எண்பது மீற்றர் அலை இத்துணை ஏமாற்றாது. எமது பகுதிக்கு அதுவே ஏற்றது என்பேன்.

இக்கலை 1942 இல் பம்பாயில் விளையாட்டாய் இருக்கவில்லை. தலைவர்கள் சிறைப்பட்ட அந்த ஆகஸ்ட் மாதத்தில், இருபத்திரண்டு வயது மாணவி உஷா மேத்தாவும் தோழர்களும் மறைவிலிருந்து காங்கிரஸ் வானொலியைத் தொடங்கினர். திசையறி கருவி பூட்டிய பொலிஸ் வண்டிகள் தெருத்தெருவாக அலைந்தன. இவர்களோ கருவியை வீடுவிட்டு வீடு மாற்றி ஏறத்தாழ மூன்று மாதம் தப்பினர். நவம்பர் 12 அன்று பிடிபட்டபோது, பொலிசாருக்கு இடத்தைக் காட்டியது வண்டியன்று. கைதாகியிருந்த தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரே. உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இன்று எமது நாட்டில் நரியை மறைப்பவர் தேர்வெழுதித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் பெற்றவராதல் வேண்டும். தேடுவோர்க்கு வேண்டுவன மரச்சட்டத்திற் சுற்றிய கம்பி, சிறியதொரு வாங்கி, மலை ஏறியிறங்கும் கால்கள். மூன்றாவது எமது தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நிறைய உண்டு. கம்பி வளையத்தை விஞ்ஞான ஆசிரியர் ஒரு பிற்பகலில் ஆக்கிவிடலாம். வாங்கிக் கருவிக்குத்தான் பழைய மாணவர் எவரேனும் கைகொடுக்க வேண்டும்.