மணிமுக்தாற்றின் தலைமாட்டில்

விருத்தாசலம் வழியாக ஓடும் மணிமுக்தாறு மேற்கே கல்வராயன் மலையில் பிறக்கிறது. அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த அந்த மலையை அரசு 1976இல்தான் எடுத்துக்கொண்டது.

நிலத்துக்காக அந்த மலைமக்கள் கையில் இருப்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டுநிலத்தில் பயிரிட்டு வாழும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். மனுவை முதலில் விசாரிப்பது வனத்துறை அல்ல, கிராம சபை. உறுப்பினர்களில் பாதிப்பேராவது கூட வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும்.

கிராம சபை கூடுவது வெறும் சடங்குதானே என்று நினைக்க வேண்டாம். ஒடிசாவின் நியம்கிரியில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2013இல் கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அடுத்த ஆண்டே மத்திய அரசு சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது.

தமிழ்நாட்டில் கதை வேறு. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டாக்கள் தேங்கின. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் விலக்கியது 2016இல். உழவர்களின் ஒரு தலைமுறைக்கு அது சின்னத் தாமதமல்ல.

இனி மனு செய்வோர், கிராம சபையின் முடிவில் குறை இருந்தால், 60 நாட்களுக்குள் உட்கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம்.