பிரமிடு கட்டியோரின் நீர் வேலை

எகிப்து நாட்டுப் பிரமிடுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கல்லைப் பற்றியே பேசுகின்றனர். கூபு மன்னனுக்காக எழுப்பிய பெரிய பிரமிடு தொடக்கத்தில் ஏறத்தாழ 146 மீட்டர் உயரமிருந்தது. அதில் சுமார் 23 இலட்சம் கற்கள் இருக்கலாம் எனக் கணக்கிட்டுள்ளனர். ஏரியும் வாய்க்காலும் கரையுமாகக் காலங் கழிக்கும் நமக்கோ, அவ்விடத்தில் நீரை ஆண்ட விதமே அறியத்தக்கது.

பிரமிடு எழுந்த கீசா மேடு பாலைவனத்தின் விளிம்பில் உள்ளது. உட்கட்டுக்கு வேண்டிய கல்லில் பெரும்பகுதியை அங்கேயே வெட்டினர். மேற்பூச்சாக அமைந்த வெண்ணிறச் சுண்ணாம்புக்கல், நைல் நதியின் கீழ்க்கரையிலுள்ள துராவிலிருந்தும், கிரானைட் கல் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தெற்கேயுள்ள அஸ்வானிலிருந்தும் வரவேண்டியிருந்தது. அத்தனை பாரத்தையும் தரைவழியே இழுத்து மாளாது. படகு ஒன்றே வழி.

நைலில் அக்காலத்தில் ஆண்டுதோறும் வெள்ளம் பெருகி, வயல்களை மூடிப் பாலையின் ஓரம்வரை பரவும். (1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் அவ்வெள்ளம் அணைக்கு வடக்கே வருவதில்லை.) கீசாவினருகே மண்ணைத் துளைத்தெடுத்து, அதில் படிந்திருந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கூபுவின் காலத்தில் நைலின் கிளையொன்று அம்மேட்டின் அடிவாரத்தை ஒட்டி நிறைந்தோடியது.

அந்நீரை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதற்கு வேலை செய்தவர் எழுதிய கணக்கே கிடைத்துள்ளது. 2013இல் செங்கடற்கரையிலுள்ள வாடி அல்-ஜர்பில், பியர் தாலே என்னும் பிரெஞ்சு அறிஞரின் குழுவினர் பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தனர். எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இவற்றினும் பழையவை இதுவரை கிடைத்தில. மேரர் என்ற மேற்பார்வையாளர், தம் கீழிருந்த சுமார் 40 ஆட்கள் எந்நாளில் எங்கிருந்தனர், என்ன செய்தனர் என்று அவற்றில் குறித்திருக்கிறார். மஸ்டர் ரோல் எழுதிப் பழகியவர்க்கு இது அயலாகத் தோன்றாது. துராவில் கல்லேற்றி, 'கூபுவின் குளம்' என்னுமிடத்தில் இரவு தங்கி, மறுநாள் கீசா சேர்ந்து இறக்கித் திரும்புவர்; பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. அக்குளத்தின் வாயிலிலிருந்த கரையில் ஆட்கள் வேலை செய்ததும் ஏட்டில் உண்டு. வெள்ளநீரை உள்ளே திறந்துவிடும் பணியாக அது இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து.

கல்லைத் தரையில் இழுப்பதற்கும் நீர் துணை செய்தது போலும். பிரமிடுகளுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட ஜெகுதிஹோதெப் என்னும் அதிகாரியின் கல்லறை ஓவியத்தில், பெருஞ்சிலையேற்றிய சறுக்குமரத்தின் முன்னே ஒருவன் நீர் ஊற்றுகிறான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் 2014இல் இதனைச் சோதித்தனர். அளவான ஈரம் மணலை இறுக்கி, இழுக்கும் விசையைப் பாதியளவாகக் குறைத்தது. நீர் மிகுந்தபோது அப்பயன் இல்லை.

இனி, கைகூடாமற்போன ஒரு வேலையையும் சொல்லவேண்டும். கெய்ரோவின் தெற்கே, ஹெல்வானுக்கருகில் வாடி கராவி என்னும் காட்டாறு உண்டு. ஆண்டு முழுதும் வறண்டு கிடந்து, மலையில் மழை பெய்தால் திடீரெனப் பெருகும். பிரமிடுக் காலத்தையொட்டி அதன் குறுக்கே ஓர் அணையை எழுப்பினர். 1885இல் இதனைக் கண்டவர் ஷ்வைன்பர்த் என்னும் ஜெர்மானியர். உயரம் சுமார் 14 மீட்டர், நீளம் 110 மீட்டருக்கு மேல். இருபுறமும் கற்சுவர், நடுவில் மண்ணும் சரளையும். முகப்பில் படிப்படியாகக் கல் பாவியிருந்தனர். உழைப்பில் குறையில்லை. எனினும் உபரிநீர் வெளியேறக் கலிங்கு இல்லை. வேலை நடக்கையில் வெள்ளத்தைத் திருப்ப மாற்றுக் கால்வாயும் இல்லை. கட்டி முடியுமுன்னரே வெள்ளம் வந்து நடுப்பகுதியை அடித்துச் சென்றது. நெடுநாள் நீர் தேங்கியிருந்தால் படியவேண்டிய வண்டல் அங்கே காணப்படாமையால், அணை பயனுக்கு வரவேயில்லை என்று அறிகிறோம். இரு கரைகளையும் ஒட்டிய பகுதிகள் இன்றும் நிற்கின்றன.

கீசாவிலோ, தொழிலாளர் குடியிருப்பின் வடக்கே சுமார் 200 மீட்டர் நீளமும் 10 மீட்டர் உயரமும் உள்ள கற்சுவர் ஒன்று உண்டு. 'காக்கைச் சுவர்' என்பர். பாலையிலிருந்து பாயும் வெள்ளத்தினின்று வீடுகளைக் காக்கவும் அது உதவியிருக்கலாம். மார்க் லேனரின் குழுவினர் அச்சுவரையும், அதன் நடுவிலுள்ள பெரிய வாயிலையும், தெற்கே மணலடியிற் கிடந்த ரொட்டி சுட்ட இடங்களையும் அகழ்ந்து அளந்திருக்கின்றனர்.