கண்ணாடியைக் கழற்றிய பிறகு



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. காரணம் என்ற இடத்தில் "மகளுக்குக் கண் லேசர் ஆபரேஷன்" என்று எழுதியிருந்தார்கள். பெண் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கவில்லையாம். "மணவறையில கண்ணாடியோட உட்கார வேணாமே" என்று அம்மாவுக்குத்தான் ஆசை. ஆபரேஷனுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒன்பது நாள். எல்லாரும் கடன் தொகையைப் பற்றியே பேசினோம், நானும்தான். ஊக்குநர் அக்கா மட்டும், "நலுங்கு வைக்கிறப்போ கண்ணுல தண்ணி படுமே, பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கண்ணுக்கு முன்பக்கம் வாட்ச் கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு படலம் இருக்கிறது. கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். லேசிக் முறையில் அதன் மேல்பாகத்தை மெல்லிய மூடி போலத் தூக்கி, உள்ளே லேசரால் வளைவைச் சரி செய்து, மூடியைத் திரும்பவும் படிய வைத்துவிடுவார்கள். தையல் கிடையாது. சில நிமிட வேலை. லேசர் கண்ணைச் சுட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். சுற்றியுள்ள இடம் கருகாது என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர், 1929-ல் மெட்ராஸில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தபோது, 1981-ல் பண்டிகைக்குச் சமைத்து மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுவந்து அதில்தான் இந்த லேசரைச் சோதித்துப் பார்த்தார்! 2013-ல் அதிபர் ஒபாமா கையால் அந்த நாட்டின் தேசிய விருதும் வாங்கினார்.

டாக்டர் வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் நம்ம வேலை ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

முதல் சில மணி நேரம் எரிச்சல், கண்ணீர், மண் விழுந்த மாதிரி உறுத்தல் இருக்கும். கண்ணை மூடித் தூங்குவதுதான் நல்லது. முக்கியமானது ஒன்றே ஒன்று: கண்ணைக் கசக்கவே கூடாது. அந்த மூடி ஒட்டியிருக்கிறதே தவிர, தைத்து வைக்கவில்லை. கசக்கினால் நகர்ந்துவிடும், சுருங்கிவிடும். தூக்கத்தில் கை தானாகப் போகும் என்பதால்தான் பிளாஸ்டிக் கவசம் கொடுக்கிறார்கள். "உறுத்துதும்மா" என்று அதை எடுத்துப்போட விடாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை ராத்திரி போட்டே ஆகவேண்டும். கண்ணீர் வந்தால் முந்தானையால் துடைக்க வேண்டாம். சுத்தமான டிஷ்யூவால் கன்னத்தில் ஒற்றி எடுத்தால் போதும்.

சொட்டு மருந்து விடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணில் படக்கூடாது. இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விடவேண்டும். இதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கும். அதை டாக்டர் சொன்ன கணக்குப்படி குறைத்து நிறுத்த வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் கண் நீர் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை போகலாம். இதை நான் பயமுறுத்தத்தான் சொல்கிறேன். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் சரி.

முதல் வாரம் தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் கண்ணில் இறங்கக்கூடாது. தலையைப் பின்னால் சாய்த்து இன்னொருவர் ஊற்றலாம். கிணறு, ஏரி ஒரு மாதத்துக்குக் கூடாது. மை, மஸ்காராவை டாக்டர் சரி என்ற பிறகே தொடலாம். அடுப்புப் புகை பக்கம் வேண்டாம். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி நமக்குத் தெரியும். வெளியே போனால் கூலிங்கிளாஸ் கட்டாயம்.

அடுத்தது வேலை. மறுநாளே பார்வை தெளிந்துவிடுவதால் பிள்ளைகள் ஷிப்டுக்கு ஓடிவிடுகிறார்கள். ஏ.சி. ஹாலில் சின்ன பாகங்களைக் கண் சிமிட்டாமல் பார்த்துப் பொருத்தினால் கண் வறளும். ஆபரேஷனில் நரம்பு நுனிகள் வெட்டுப்படுவதால் சில மாதங்களுக்குக் கண்ணீரே குறைவாகத்தான் சுரக்கும். அதற்குத்தான் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. ராத்திரியில் லாரி லைட்டைச் சுற்றி வளையம் தெரிவதும் உண்டு. அது அடங்கும் வரை இருட்டில் ஸ்கூட்டி வேண்டாம், கம்பெனி பஸ்ஸே போதும்.

விடுதியில் இருக்கும் பிள்ளைகளைத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் திறந்த வல்லம் வடகால் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஆளுக்கொரு ஷிப்டில் போய்வரும் அறையில் சொட்டு மருந்து யார் விடுவார்கள்? முதல் வாரமாவது வீட்டுக்குக் கூட்டிவந்து விடுங்கள்.

வலி குறையாமல் கூடினால், சிவப்பு ஏறினால், சீழ் வந்தால், தெளிந்த பார்வை திரும்ப மங்கினால், கண்ணில் அடிபட்டால், அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போகவேண்டும். நல்லா தெரியுதே என்று செக்கப்பை விடுவதும் தப்பு. மூடி இல்லாமல் மேல்தோலை மட்டும் எடுத்துச் செய்யும் முறையும் உண்டு. அதில் சில நாள் வலி இருக்கும், பார்வை தெளியவும் அதிக நாள் ஆகும். எந்த முறை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பவர் மாறிக்கொண்டிருக்கும் வயதில் இதைச் செய்யமாட்டார்கள். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தள்ளித்தான் போடுவார்கள். நாற்பதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி எப்படியும் வரும்.

அந்த விண்ணப்பத்துக்கு வருவோம். அக்கா கேட்டது சரிதான். நலுங்குத் தண்ணீர், ஹோமப் புகை, மணப்பெண் மேக்கப், அழுகை எல்லாம் ஒன்பதாம் நாளில் வருகிறது. அம்மாவிடம் உட்கார்ந்து பேசினோம். ஆபரேஷனைக் கல்யாணத்துக்கு அப்புறம் தள்ளி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தைத் திருத்தி எழுதியபோது சொட்டு மருந்து, செக்கப்புக்குப் போய்வரும் பஸ் செலவு, சம்பளமில்லாத லீவு மூன்றையும் சேர்த்தோம். தொகை கூடிவிட்டது. குழு சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறது.