ஓசியில் எடுத்த பணக்காரப் பாட்டு

தங்கச் சங்கிலி, கார், மாளிகை என்று செல்வத்தைப் பீற்றிக்கொள்வது அமெரிக்க 'ராப்' பாடகர்களின் வழக்கம். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த டேவிட் பர்ட் என்ற வாலிபர் அதைத் தலைகீழாக்கினார். 'லில் டிக்கி' என்ற பெயரில் 2013-ல் யூ டியூப் மூலம் பிரபலமான இவர், 2015-ல் தமது சிக்கனத்தையே பெருமையாகப் பாடினார். பாட்டின் பெயர் 'சேவ் தட் மணி'.

படம் எடுக்கவும் காசு செலவழிக்கவில்லை! பணக்காரர் வீடுகளின் கதவைத் தட்டி, மாளிகையை இலவசமாகத் தரும்படி கேட்டார். பலர் மறுத்தனர், ஒருவர் சம்மதித்தார். விலையுயர்ந்த காரும் உல்லாசப் படகும் அப்படியே கிடைத்தன. கேட்டு வாங்கிய காட்சிகளும் படத்தில் உண்டு.

திரையில் மின்னும் செல்வமெல்லாம் பாடுகிறவரின் சொத்து அல்ல என்பதை ரசிகர்கள் சிரித்துக்கொண்டே தெரிந்துகொண்டனர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறவர் வெட்கப்படத் தேவையில்லை. சிக்கனமும் பாடத் தக்க பெருமைதான்!