கடலை வேரில் முடிச்சுப் போடுவது யார்?

பொம்மிடிப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் கடலைச் செடியைப் பிடுங்கியவர்கள், வேரில் குண்டூசித் தலை அளவுக்கு முடிச்சுகள் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். அது நோயல்ல. பிராடிரைசோபியம் என்ற மண் பாக்டீரியா அதற்குள் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது.

இந்த முடிச்சை யாரும் தனியாகப் போட முடியாது. பயறுக் குடும்பத்துச் செடி முதலில் ஃபிளவனாய்டு என்ற பொருளை வேர் வழியே கசியவிடுகிறது. அது பட்டதும் பாக்டீரியாவின் ‘நாட்’ மரபணுக்கள் விழித்துக்கொண்டு, கொழுப்பு வால் கொண்ட ஒரு சிறு சர்க்கரைச் சங்கிலியைச் செய்து அனுப்புகின்றன. அதன் அமைப்பைப் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்டார்கள். வாலும் சங்கிலியும் தன் இனத்துக்குப் பொருந்தினால்தான் செடி கதவைத் திறக்கும். பல பயறுகளில் வேர்த்தூவி வழியாகப் பாக்டீரியா நுழைகிறது. கடலையிலோ பக்கவேர் கிளம்பும் இடத்துச் சிறு வெடிப்புதான் வாசல். முடிச்சுகள் அந்தக் கவட்டுகளிலேயே உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

செடியின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் 1970களின் இறுதியில் கண்டது. முடிச்சுள்ள இரண்டு கடலை ரகங்களைக் கலந்ததில், பேரப்பிள்ளைத் தலைமுறையில் சில செடிகள் வெளுத்து நின்றன. அவற்றின் வேரில் முடிச்சே இல்லை. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 16க்கு ஒன்று! ஒரே வேலைக்கு இரண்டு மரபணுக்கள் இருந்தால்தான் இப்படி வரும்: ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும், இரண்டுமே பழுதானால் முடிச்சு கிடையாது. கடலை, இரண்டு காட்டுச் செடிகள் கலந்து பிறந்த பயிர். அதனால் இரண்டு தொகுதி மரபணுக்களைச் சுமக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி பாக்டீரியாவுடையது. ஆக்சிஜன் பட்டால் அது கெட்டுவிடும். அதைக் காக்க, நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவான சிவப்புப் புரதம் ஒன்றைச் செடி தன் மரபணுவைக் கொண்டு செய்து, ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது.

பூக்கும் பருவத்தில் ஒரு செடியைத் தோண்டி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. முடிச்சு குறைவாகவோ உள்ளே வெளுத்தோ இருந்தால், அடுத்த பட்டத்தில் கடலைக்குரிய ரைசோபியம் பாக்டீரியா உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதையுங்கள். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும்.